டப்ளின், ஹென்ரியெட்டா தெரு, 14-ஆம் எண் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் ஒருமுறையாவது ஹென்ரியெட்டா தெருவுக்குக் கூட்டிப்போய்விடுவேன். லிஃபி ஆற்றுக்கு வடக்கே, ஓ'கானல் தெருவிலிருந்து பொடிநடையில் போய்விடலாம். அங்கே 14-ஆம் எண், பிரபுக்களுக்காகக் கட்டி, பின்னால் ஒண்டுக்குடித்தனமாகிப்போன ஜார்ஜியன் டெரஸ் வீடு, இப்போது அருங்காட்சியகம். கூட வந்தவர்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

டெரஸ் வீடு என்கிறீர்களே, மொட்டை மாடி எங்கே?

இல்லை. நம் பேச்சில் டெரஸ் என்றால் வடகம் காயப்போடுகிற மொட்டை மாடி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அதே சொல் வரிசை வீட்டைக் குறிக்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சந்து கிடையாது. பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு தெரு நெடுக நிற்கும். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே டெரஸ் வீடு என்றால் இதுதான்.

ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டவர் மேல் தப்பில்லை. தெருவில் நின்று பார்த்தால் கூரையே தெரியாது, தட்டையான மாடி மாதிரிதான் இருக்கும். உண்மையில் மேலே பலகைக்கல் வேய்ந்த சாய்வுக் கூரை இருக்கிறது. முன்சுவரை அதற்கு மேலேயும் கைப்பிடிச் சுவராக எழுப்பி மறைத்துவிட்டார்கள். கூரை தெரிந்தால் கிராமத்து வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்த காலம் அது. மறைப்பதற்காக ஒரே பெரிய கூரைக்குப் பதிலாகச் சின்னச் சின்னதாக இரண்டு கூரைகளைப் பக்கம்பக்கமாகப் போட்டு, நடுவில் ஒரு பள்ளத்தில் மழைநீரை ஓடவிட்டார்கள். அந்தப் பள்ளத்தில் காக்காய் கூட்டுக் குச்சியோ இலையோ அடைத்துக்கொண்டால், தண்ணீர் நேரே கீழே உத்தரத்துக்குத்தான் இறங்கும். இந்த ஊரில் பழைய வீடுகள் அழிந்ததற்கு முதல் காரணம் அந்தப் பள்ளம் என்று எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

ஜார்ஜியன் என்றால் ஜார்ஜியா நாட்டுப் பாணியா?

அதுவும் இல்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை ஆண்ட நான்கு அரசர்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அவர்கள் காலத்துக் கட்டடங்களைப் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். அயர்லாந்து அப்போது அதே அரசர்களின் கீழ் இருந்தது. ஆனால் டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்தது. இந்தத் தனி நாடாளுமன்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தத் தெருவை யார் உண்டாக்கினார்?

லூக் கார்டினர். வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், அரசுக் கருவூலத்தில் பெரிய பதவி; சுருக்கமாகச் சொன்னால், எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர். ஆற்றுக்கு வடக்கே பழைய மடாலயத்துக்குச் சொந்தமாக இருந்த நிலத்தைப் பெரிய அளவில் வாங்கிப்போட்டு, 1720-களில் இந்தத் தெருவுக்கு மனை பிரித்தார். அந்தக் காலத்து முறை இதுதான்: நிலத்துக்காரர் தெருவை அளந்து மனைகளை நீண்ட குத்தகைக்கு விடுவார், குத்தகை எடுத்தவர் கட்டுவார், நிலவாடகை தலைமுறை தலைமுறையாக நிலத்துக்காரர் குடும்பத்துக்கு வந்துகொண்டிருக்கும். நம்மூர் மனை வியாபாரிகளுக்குக் கற்றுத்தர அவரிடம் நிறைய இருந்திருக்கும்.

தெருவுக்கு மதிப்பு ஏற வேண்டும் என்றால் முதலில் பெரிய இடத்து ஆள் ஒருவர் குடிவர வேண்டும். அப்படியே நடந்தது. அயர்லாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஹியூ போல்ட்டர் இங்கே வீடு கட்டிக்கொண்டார். அவர் பின்னால் பிரபுக்கள், ஆயர்கள், நீதிபதிகள் எல்லோரும் வந்தார்கள். கார்டினர் தனக்கும் 10-ஆம் எண்ணில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அதை வடிவமைத்தவர் எட்வர்ட் லவெட் பியர்ஸ் என்பது பொதுவான கருத்து. டப்ளின் நாடாளுமன்றக் கட்டடத்தை வரைந்தவர் அவர்தான்.

13, 14, 15 ஆகிய மூன்று வீடுகளும் 1740-களின் பிற்பாதியில் ஒன்றாக எழுந்தவை. இவற்றைக் கார்டினர் யாரோ ஒருவருக்காகக் கட்டவில்லை. கட்டிவைத்தால் ஆள் வருவார்கள் என்ற கணக்கில் கட்டினார். கணக்கு தப்பவில்லை.

பிரபுக்கள் வீடு என்கிறீர்கள், வெளியே பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே?

என் சித்தப்பா இதைத்தான் கேட்டார். செங்கல் சுவர், வரிசையாக சன்னல், ஒரு கதவு. தூண் கிடையாது, சிற்பம் கிடையாது.

இந்த முகப்பின் அழகு முழுக்க அளவில் இருக்கிறது. சன்னல்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரைத்தளத்துச் சன்னல் உயரம். அதற்கு மேல் முதல் மாடியில் இன்னும் உயரம், ஏனென்றால் விருந்து மண்டபம் அங்கேதான். அடுத்த மாடியில் குட்டை. உச்சியில் கிட்டத்தட்ட சதுரம். அகலம் மட்டும் மாறாது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் மாளிகைகளைப் பார்த்து எடுத்துக்கொண்ட கணக்கு இது. தூண்களை எடுத்துவிட்டு, தூண்களுக்கு நடுவே இருந்த விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எந்த மாடியில் யார் இருந்தார்கள் என்பதைச் சன்னல் உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம். உச்சியில் இருந்தவர்கள் குழந்தைகளும் வேலைக்காரர்களும்.

செங்கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு கல் நீளவாட்டம், அடுத்தது குறுக்குவாட்டம் என்று மாறிமாறி வைத்திருப்பார்கள். கையால் அறுத்துச் சுட்ட கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஓரங்கள் கோணலாகத்தான் இருக்கும். அதை மறைக்க டப்ளின் கொத்தனார்களிடம் ஒரு வித்தை உண்டு. இடுக்கில் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டை நூல் பிடித்தாற்போல இழுத்து, அதன் இரண்டு பக்கத்தையும் செங்கல் நிறத்துச் சாந்தால் நிரப்பிவிடுவார்கள். தெருவிலிருந்து பார்த்தால் கத்தியால் வெட்டிய கல் மாதிரி நேராகத் தெரியும். இந்த வேலைக்கு இங்கே 'விக்கிங்' என்று பெயர்.

சுவர் இவ்வளவு சாதுவாக இருந்ததற்கு வியாபாரக் காரணமும் உண்டு. கட்டுகிற ஆளுக்கு யார் குடிவருவார் என்று தெரியாது. வெளியே எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி பொதுவாக விட்டுவிட்டால், பணத்தை உள்ளே கொட்டிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பாத் நகரத்து ராயல் கிரசண்ட் மாதிரி, 30 வீடுகளுக்கும் சேர்த்து அரண்மனை போல ஒரே முகப்பு என்பதெல்லாம் டப்ளினில் அபூர்வம். பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் அரை அடி ஏறியிருக்கும், சன்னல் கொஞ்சம் இறங்கியிருக்கும். எனக்கு அந்த ஒழுங்கின்மைதான் பிடிக்கும்.

தபால் அட்டைகளில் வரும் வண்ணக் கதவுகளும் விசிறிக் கண்ணாடியும் இங்கே ஏன் அவ்வளவாக இல்லை?

கதவுக்கு மேலே அரைவட்டமாக விரியும் அந்த விசிறிச் சன்னல், பெரும்பாலும் இதற்கு ஒரு தலைமுறை கழித்து வந்த மோஸ்தர். அதைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி மெரியன் சதுக்கத்துக்குப் போங்கள். ஹென்ரியெட்டா தெரு அதற்கு மூத்தது. டப்ளினின் ஜார்ஜியன் தெருக்களில் இதுதான் முதல் என்றே சொல்வார்கள்.

14-இல் முதலில் குடிவந்தவர் யார்?

ரிச்சர்ட், மூன்றாம் வைக்கவுன்ட் மோல்ஸ்வொர்த். வைக்கவுன்ட் என்பது ஒரு பிரபுப் பட்டம். படைத்தளபதி. இளைஞனாக இருந்தபோது, 1706-இல் ராமிலீ போர்க்களத்தில், குதிரையிலிருந்து விழுந்துவிட்ட ஆங்கிலப் படைத்தலைவர் மார்ல்பரோ கோமகனுக்குத் தன் குதிரையைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றியவர். இந்த வீட்டுக்கு வரும்போது வயதாகிவிட்டது. இரண்டாம் மனைவி மேரி அவரைவிட மிகவும் இளையவர். அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள் இந்த வீட்டில்தான் பிறந்தார்கள்.

மேரியின் முடிவு வருத்தமானது. கணவர் 1758-இல் இறந்தார். 1763-இல் லண்டனில், அப்பர் புரூக் தெருவில், இதேபோன்ற ஒரு வரிசை வீட்டில் இரவில் தீப்பிடித்து அவரும் மகள்களில் சிலரும் இறந்துபோனார்கள். தப்பியவர்கள் சன்னல் வழியாகக் குதித்தவர்கள். செங்கல் சுவர் தீயைப் பக்கத்து வீட்டுக்குத் தாண்டவிடாது, சரி. ஆனால் வீட்டுக்குள் உத்தரம், தரை, படிக்கட்டு, சுவர்ப்பலகை எல்லாம் மரம். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சுவரால் பயனில்லை.

அவர்களுக்குப் பிறகு 14-இல் இருந்தவர்களில் அயர்லாந்தின் லார்ட் சான்ஸலர், அதாவது நீதித்துறைத் தலைவர், ஜான் போஸ், ஒரு ஆயர், ஒரு வைக்கவுன்ட் எல்லாம் உண்டு. ஒரு பட்டத்திலிருந்து இன்னொரு பட்டத்துக்குக் கைமாறிய வீடு.

உள்ளே வீடு எப்படிப் பிரிந்திருந்தது?

கீழே நிலவறை, மேலே நான்கு தளங்கள். முன்சுவருக்கும் தெருவுக்கும் நடுவே அகழி மாதிரி ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். நிலவறைச் சமையலறைக்கு வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான். கறிக்காரர், பால்காரர் எல்லாம் அந்தப் பள்ளத்துப் படியில் இறங்கிப் போவார்கள், வாசல் கதவு அவர்களுக்கில்லை. ஜார்ஜியன் தெருக்களின் நடைபாதையில் வட்டமான சின்ன இரும்பு மூடிகள் பார்ப்பீர்கள். அது சாக்கடை மூடி அல்ல, நிலக்கரி கொட்டுகிற துவாரம். நடைபாதைக்கு அடியிலேயே கரி அறை. கரி பெரும்பாலும் கடல் தாண்டி இங்கிலாந்தின் வைட்ஹேவன் துறைமுகத்திலிருந்து வந்தது.

14-இல் வாசலைத் தாண்டியதும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கூடம், அதில் அகலமான படிக்கட்டு. வந்தவரை மலைக்க வைக்கத்தான் அது. வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் இன்னொரு குறுகலான படிக்கட்டு. முதல் மாடியில் விருந்து அறைகள்: சுண்ணாம்புச் சாந்தால் செய்த விதானப் பூவேலை, மரப்பலகை பதித்த சுவர்கள், பளிங்குக் கணப்பு.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு அறையும் பெரியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணப்பு, தனிப் புகைபோக்கி. ஒவ்வொன்றும் படிக்கட்டுப் பக்கம் கதவு திறப்பது. ஒரு பிரபு குடும்பத்துக்காக யோசித்த அமைப்பு. அறைக்கு ஒரு குடும்பம் வைத்து வாடகைக்கு விடுகிற ஆளுக்கும் இதைவிடத் தோதான அமைப்பு கிடைக்காது. இந்த வீட்டின் கதை முழுக்க இதில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

சன்னல்களை மேலே தள்ளித் திறப்பது எப்படி? கீழே விழுந்துவிடாதா?

சட்டத்தின் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி குழிவு இருக்கும். அதற்குள் கயிற்றில் கட்டிய இரும்பு அல்லது ஈயக் குண்டு, மேலே சின்னக் கப்பி. கண்ணாடிச் சட்டத்தின் எடையும் குண்டின் எடையும் சமமாக இருப்பதால், விட்ட இடத்தில் நிற்கும். ஒரு விரலால் தூக்கலாம், கயிறு நன்றாக இருக்கும் வரை. பழைய கண்ணாடி இன்னும் மிச்சமிருந்தால் எதிர்வீடு கொஞ்சம் நெளிந்து தெரியும். உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றி வட்டத் தட்டாக்கி வெட்டிய காலத்துக் கண்ணாடி அது.

சன்னல் வரிக்குப் பயந்துதான் மேலே சன்னலைச் சின்னதாக வைத்தார்களாமே?

கைடுகளுக்குப் பிடித்த கதை. இங்கிலாந்தில் சன்னல் வரி 1696-இல் வந்தது, உண்மை. அயர்லாந்துக்கு அது வந்தது 1799-இல். இந்த வீடு கட்டி அரை நூற்றாண்டு ஆனபிறகு. அந்த அளவுகள் விகிதக் கணக்கு, வரிக் கணக்கல்ல.

பணக்காரர்கள் ஏன் இங்கிருந்து போனார்கள்?

இரண்டு காரணம். மோஸ்தர் முதலிலேயே ஆற்றைத் தாண்டத் தொடங்கியிருந்தது. கில்டேர் பிரபு 1745-இல் தெற்கே மாளிகை கட்ட ஆரம்பித்ததும் மற்றவர்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

பெரிய அடி 1801-இல் விழுந்தது. ஐக்கியச் சட்டத்தின்படி டப்ளின் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, லண்டனோடு இணைந்தது. 300 உறுப்பினர் இருந்த அவை போய், வெஸ்ட்மின்ஸ்டரில் அயர்லாந்துக்கு 100 இடங்கள். பிரபுக்கள் அவையிலிருந்து 28 பேர். கூட்டத்தொடருக்காக ஆண்டுதோறும் டப்ளினுக்கு வந்து தங்கிய குடும்பங்களுக்கு இனி இங்கே என்ன வேலை? தையல்காரர், வண்டிக்காரர், நகை வியாபாரி என்று அவர்களை நம்பியிருந்த ஊரே தொய்ந்துபோனது. நாடாளுமன்றக் கட்டடத்தை அயர்லாந்து வங்கி வாங்கிக்கொண்டது. ஹென்ரியெட்டா தெருவின் மேற்கு முனையில் வழக்கறிஞர்களுக்கான கிங்ஸ் இன்ஸ் கட்டடம் எழுந்தது. ஜேம்ஸ் காண்டன் வரைந்தது. அது தெருவை அடைத்துக்கொண்டு நிற்பதால் இன்றும் இது முட்டுச்சந்து மாதிரிதான்.

உடனே ஒண்டுக்குடித்தனம் ஆகிவிட்டதா?

இல்லை, நடுவில் இரண்டு வேடம் போட்டது. 1850 முதல் பத்தாண்டு, கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளை விற்கும் நீதிமன்றம் இந்த வீட்டில் இயங்கியது. உருளைக்கிழங்கு நோய் வந்து பெரும் பஞ்சம் வாட்டிய ஆண்டுகள் அதற்குச் சற்று முன். குத்தகைதாரர் செத்தும் கப்பலேறியும் போனபின் வாடகை வரவில்லை, நிலப்பிரபுக்கள் திவாலானார்கள். அவர்களுடைய நிலங்களை ஏலம் போட்டுத் தீர்க்கத்தான் இந்த நீதிமன்றம். ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலப்பிரபுக்கள் விருந்து வைத்த வீட்டில் அவர்கள் வர்க்கத்தின் நிலமே விலைபோனது. கதையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்பார்கள்.

அப்புறம் 1876 வரை டப்ளின் மிலிஷியா என்ற உள்ளூர்த் துணைப்படையினருக்குத் தங்குமிடம்.

ஒண்டுக்குடித்தனமாக மாற்றியவர் யார்?

தாமஸ் வான்ஸ் என்பவர், 1877-இல். முதலில் அவர் கைவைத்தது அந்தப் பெரிய படிக்கட்டில். இரண்டு மாடி உயரக் கூடம் வாடகைக்கு விடுகிறவருக்கு வீண் இடம்தானே? படிக்கட்டு போய், அந்த இடமும் அறையானது. ஒன்று, மூன்று, நான்கு அறைகள் கொண்டதாக மொத்தம் 19 குடித்தனங்கள். அதன்பின் எல்லோரும் ஏறி இறங்கியது வேலைக்காரர்களுக்காகக் கட்டிய பின்படிக்கட்டில்.

வான்ஸை வில்லனாக்கிவிட வேண்டாம். அவர் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் மரியாதைப்பட்ட குடும்பங்களைத்தான் அழைத்தது: புதுக் காகிதம் ஒட்டிப் பெயின்ட் அடித்த அறைகள், எரிவாயு விளக்கு, படிக்கட்டுத் திருப்பங்களில் கழிப்பறை, துணி காயப்போட முற்றம், குடித்தனத்துக்கு ஒரு அடுப்பு, வார்ட்ரி தண்ணீர். விக்லோ மலையிலிருந்து டப்ளினுக்கு வந்த புதுக் குழாய்த் தண்ணீர் அது, அந்தக் காலத்துப் பெருமை. 1877-க்கு அது மோசமான ஏற்பாடல்ல. மோசமானது பின்னால், ஒரு குடித்தனம் இரண்டாகி, இரண்டு நான்காகியபோது.

1890-களில் தெருவின் பல வீடுகளை ஜோசஃப் மீட் என்ற மாநகராட்சி உறுப்பினர் வாங்கினார். டப்ளின் மேயராகவும் இருந்தவர். கணப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டு, அறைகளை வாடகைக்கு விட்டார். பளிங்குக்கு லண்டனில் நல்ல விலை.

ஒரே வீட்டில் நூறு பேர் என்பது உண்மையா?

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது: 14-ஆம் எண்ணில் 17 குடும்பங்கள், 100 பேர். தெரு முழுக்கச் சேர்த்தால் 800-க்கும் மேல், வீடுகள் பதினைந்துதான். வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று நினைக்காதீர்கள். தொப்பி செய்யும் பெண்கள், தையல்காரி, மரச்சாமானுக்கு மெருகு போடுகிறவர்கள், புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் என்று கைத்தொழில்காரர்கள் பலர் பதிவாகியிருக்கிறார்கள். வேலை இருந்தும் ஒரு அறைக்கு மேல் கட்டுப்படியாகவில்லை.

ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த நம் பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஆட்களுக்குப் பாதி விஷயம் சொல்லாமலே புரியும்: தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை, யார் வீட்டுக் குழம்பு என்று படிக்கட்டிலேயே தெரிந்துவிடுவது. மீதிப் பாதிக்குக் குளிரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு உயரமான விதானம் உள்ள அறையை ஒரு கைப்பிடிக் கரியால் சூடாக்க முடியாது. சூடு மேலே பூவேலைக்குப் போய்விடும். கீழே குழந்தைகள் ஒரே மெத்தையில், மேலே கோட்டுகளைப் போர்த்திக்கொண்டு. சமையல், குளியல், பிரசவம், சாவு எல்லாம் அந்த ஒரே அறையில். மேல்மாடிக்காரர் தண்ணீரையும் கரியையும் வாளியில் ஏற்றி, கழிவை வாளியில் இறக்க வேண்டும். காசநோய் இங்கே குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது.

படிக்கட்டுச் சுவரில் அந்தச் சிவப்பும் நீலமும் என்ன?

என் அம்மா கேட்ட கேள்வி. பார்த்தவுடனே "காவியும் நீலமும் அடிச்சிருக்கே" என்றார். அதேதான்! சிவப்பு, செங்காவி மண். நீலம், வெள்ளைத் துணிக்குப் போடும் ரெக்கிட்ஸ் நீலம். நம்மூரில் ராபின் புளூ விற்ற அதே கம்பெனி. பொது இடத்துச் சுவருக்கு மலிவாக அடிக்க அதைவிட வேறில்லை. உரிந்த பகுதியில் அடுக்கு அடுக்காக நிறங்கள் தெரியும்.

மாநகராட்சி என்ன செய்துகொண்டிருந்தது?

அதில் சிலரே ஒண்டுக்குடித்தன முதலாளிகள். 1913 செப்டம்பர் 2 அன்று சர்ச் தெருவில் இப்படிப்பட்ட இரண்டு வீடுகள் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். அடுத்து அமைத்த விசாரணைக் குழுவின் 1914 அறிக்கைப்படி, டப்ளினில் கிட்டத்தட்ட 26,000 குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனத்தில். அதில் 20,000 குடும்பங்களுக்கு ஒரே அறை. படித்துவிட்டு எல்லோரும் அதிர்ச்சியடைந்தார்கள். அதோடு உலகப்போர் வந்துவிட்டது.

1932 முதல் 1948 வரை மாநகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக் கலைஞராக இருந்த ஹெர்பர்ட் சிம்ஸ் காலத்தில் ஏறக்குறைய 17,000 வீடுகள் எழுந்தன. கிரம்லின், காப்ரா போன்ற புறநகர்களுக்குக் குடும்பங்கள் போயின. தனிக் கழிப்பறை, தோட்டம் எல்லாம் கிடைத்தது. ஆனால் பக்கத்துக் கதவைத் தட்டினால் ஆள் வருவது போய்விட்டது என்று போனவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1963 ஜூனில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு இடங்களில் பழைய வீடுகள் இடிந்து நான்கு பேர் இறந்ததும், மிச்சமிருந்ததையும் காலிசெய்ய அவசரம் பிறந்தது. 14-ஆம் எண்ணின் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1970-களின் இறுதியில்.

இடிக்காமல் எப்படித் தப்பித்தது?

பாதி அதிர்ஷ்டம். நிறைய தப்பவில்லை. 1965-இல் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் ஒரே வீச்சில் 16 ஜார்ஜியன் வீடுகளை இடித்து மின்வாரிய அலுவலகம் கட்டினார்கள். ஹென்ரியெட்டா தெரு ஏழைகளின் தெருவாக இருந்ததால் இந்த நிலத்தின் மேல் யாருக்கும் கண் விழவில்லை. 1970-களில் பழைய வீடுகள் மேல் பித்துப் பிடித்த சிலர் பக்கத்து வீடுகளை வாங்கி, ஒழுகும் கூரைக்குக் கீழே குடியிருந்துகொண்டே பழுதுபார்த்தார்கள். 14-ஐ மாநகராட்சி 2000-இல் எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை; 2018-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

ஆங்கில ஆட்சிக் காலத்து வீட்டை ஐரிஷ்காரர்கள் ஏன் காப்பாற்ற வேண்டும்?

இங்கேயும் இதைக் கேட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள், "இது நம்முடையதல்ல, போனால் போகட்டும்" என்ற மனப்பான்மை வலுவாகவே இருந்தது. நம்மூர்க் காலனிக் கட்டடங்கள் பற்றிய பேச்சைக் கேட்டவர்களுக்கு இது பழகிய வாதம். என் பதில் எளிது: இந்த வீட்டில் பிரபுக்கள் இருந்தது சுமார் ஐம்பது ஆண்டு, தொழிலாளர்கள் இருந்தது நூறு ஆண்டு. அப்போது இது யார் வீடு? அருங்காட்சியகமும் அந்தப் பக்கமே நிற்கிறது. எல்லாவற்றையும் 1750 போலப் பளபளவென்று ஆக்காமல், ஒண்டுக்குடித்தனக் காலத்துச் சுவரையும் காகிதத்தையும் அப்படியே விட்டு, முன்னாள் குடித்தனக்காரர்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்து ஒரு குடித்தனத்தை மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள்.

நம்மூரோடு ஏதாவது தொடர்பு?

இந்த வீட்டுக்கு நேரடியாக எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. டப்ளின் மெரியன் தெருவில் மார்னிங்டன் ஹவுஸ் என்று ஒரு ஜார்ஜியன் வரிசை வீடு இருக்கிறது; ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்துப் போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லியின் குடும்ப வீடு. சென்னைக் கோட்டைக்குள் அவர் பெயரில் வெல்லெஸ்லி வீடு உண்டு. அதில் ஒரு பகுதி இடிந்து கிடக்கிறது. டப்ளின் வீடு இப்போது ஐந்து நட்சத்திர ஹோட்டல்.

போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

தனியாகச் சுற்றிவர முடியாது, வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் கோட்டைக் கழற்றாதீர்கள். பின்படிக்கட்டில் ஏறும்போது படிகளைப் பாருங்கள், பிறகு கைப்பிடியில் கைவைத்து ஏறுங்கள். வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்று, உச்சி மாடிச் சன்னல் வரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் சித்தப்பா எண்ணிவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கு எத்தனை படி என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.